டம்ளர் கணக்கு

2018 பிப்ரவரியில் என் தோட்டத்தின் கிழக்கு மூலையில் தக்காளிச் செடிகள் வாடத் தொடங்கின. ஒன்றரை ஏக்கரில் அந்த மூலை மட்டும்தான். காலையில் போய்ப் பார்த்தால் நன்றாக நிமிர்ந்து நிற்கும். பதினோரு மணி வெயிலுக்கு இலை தொங்கிவிடும். உரக்கடைக்காரர் வாடல் நோய் என்று சொல்லி மூன்று மருந்து கொடுத்தார். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் மண்ணில் உப்பு ஏறிவிட்டது என்றார். நாயனா ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் தெலுங்கு. அப்பாவை நாயனா என்றுதான் கூப்பிடுவோம்.

ஓசூரில் ஐந்து வருடம் பார்த்த வேலையை விட்டுவிட்டு சொந்த ஊரான பேரிகைக்குத் திரும்பி அப்போது நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. முதல் பயிர். சொட்டுநீர்க் குழாய் எங்கே எப்படி ஓட வேண்டும் என்று நானே தாளில் வரைந்து போட்டிருந்தேன். மருந்துப் பொட்டலத்தைப் பிரிக்கக் கை போனபோது, ஏனோ மனசு ஒப்பவில்லை. கம்பெனியில் ஒரு பாகம் ரிஜெக்ட் ஆனால் முதலில் மெஷினைத் திருகக் கூடாது, அளக்க வேண்டும் என்று ஐந்து வருடம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்குப் போய் ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்துவந்தேன். முட்ட ஊற்றினால் 200 மில்லி பிடிக்கும் டம்ளர்.

என் சொட்டுவான்கள் மணிக்கு 4 லிட்டர் விட வேண்டியவை. அப்படியானால் மூன்று நிமிடத்தில் 200 மில்லி. மோட்டாரைப் போட்டு, குழாயின் தொடக்கத்தில் சொட்டுவானுக்கு அடியில் கையால் சின்னக் குழி தோண்டி டம்ளரை வைத்தேன். மூன்று நிமிடத்தில் விளிம்புவரை வந்தது. கிழக்கு மூலைக்குப் போய் அதே டம்ளரை வைத்தேன். மூன்று நிமிடம் முடிந்தபோது பாதிக்குச் சற்று மேலே நின்றது. மருந்து அளக்கிற கப்பில் ஊற்றிப் பார்த்தேன். 120 மில்லி. நம்பாமல் அந்த மூலையில் ஐந்து இடத்தில் பிடித்துப் பார்த்தேன். எல்லாம் 115-க்கும் 130-க்கும் நடுவில்தான்.

நோயும் இல்லை, உப்பும் இல்லை. தாகம்.

காரணம் பொறியியல் மூன்றாவது செமஸ்டரில் மனப்பாடம் செய்து எழுதிய பாடத்தில் இருந்தது. செடி வரிசையோடு ஓடுகிற 16 மில்லிமீட்டர் குழாயை, அதாவது லேட்டரலை, ஒரே ஓட்டமாக 90 மீட்டருக்கு இழுத்திருந்தேன். குழாயின் உள்சுவரில் உரசி உரசித் தண்ணீர் அழுத்தத்தை இழக்கும். வேகம் இரண்டு மடங்கானால் அந்த இழப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. அதற்கு மேல் அந்த மூலை எட்டடி மேடு. பத்து மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு கிலோ அழுத்தம் போகும் என்பது கணக்கு. எட்டடிக்குக் கால் கிலோ. வால்விலிருந்து ஒரு கிலோ அழுத்தத்தில் புறப்பட்ட தண்ணீர், அந்த மூலைக்குப் போகும்போது மூன்றில் ஒரு பங்கு அழுத்தத்தோடுதான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

லேட்டரல்களுக்குத் தண்ணீரைப் பிரித்துக் கொடுக்கிற சப் மெயினைத் தோட்டத்தின் நடுவுக்கு மாற்றினேன். ஒவ்வொரு லேட்டரலும் 45 மீட்டர் ஆனது. நீளம் பாதியானால் உராய்வு இழப்பும் பாதியாகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. நீளமும் பாதி, அதில் ஓடுகிற தண்ணீரும் பாதி. அதனால் இழப்பு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகக் குறையும். கிழக்கு மூலையில் மறுபடி டம்ளரை வைத்தேன். 180 மில்லி. பத்து நாளில் செடி தேறிவிட்டது. மருந்துப் பொட்டலங்களைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் களத்துமேட்டில் உட்கார்ந்திருந்தபோது நாயனா சொன்னார்: "அந்த மூலைக்குத் தண்ணி ஏறாதுன்னு உங்க தாத்தா காலத்துலயே தெரியும். மாடு கட்டிக் கபிலை ஓட்டினப்போ அங்க ராகி மட்டும்தான் விதைப்போம். கொழா போடுறப்ப நீ கேக்கவே இல்லையேப்பா."

அந்த ஒரு வாக்கியம் எனக்கு நான்கு வருடப் படிப்புக்குச் சமம். நான் தாளில் தோட்டத்தைச் சமதளமாக வரைந்திருந்தேன். அளக்கத் தெரிந்தவன், அளப்பதற்கு முன்னால் கேட்கவில்லை.

பொறியியல் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போகிறவர்களிடம் நான் சொல்ல விரும்புவதெல்லாம் இந்த இரண்டு விஷயத்துக்குள் அடங்கிவிடும். படிப்பு எதைத் தந்தது, எதை மறைத்தது என்பதுதான் அந்த இரண்டும்.

எங்கள் பக்கம் ஏன் இத்தனை பேர் பொறியியல் படித்தோம் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். ஓசூரில் சிப்காட் வந்தது. பிறகு அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று வரிசையாக வந்தன. பாகலூர் ரோட்டில் கம்பெனி பஸ் நின்று ஆள் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தோம். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், மாலூர் சந்தைக்குப் போனால் கன்னடம். மூன்று மொழியிலும் எங்களுக்குத் தெரிந்த நல்ல வேலை ஒன்றுதான், கம்பெனி வேலை. தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வை எடுத்தது 2007-ல். நான் கவுன்சிலிங் போனது 2008-ல். பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே மெக்கானிக்கல் கிடைத்தது. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால்தான் வேலையை விட்டேன் என்றபோது அம்மா மூன்று நாள் சரியாகப் பேசவில்லை. "படிச்சதெல்லாம் வீணாப் போச்சே" என்று சொந்தக்காரர்கள் சொன்னதைவிட அந்த மௌனம்தான் வலித்தது.

வீணாகவில்லை. ஆனால் அது எங்கே தங்கியிருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கே சில வருடம் ஆனது.

கல்லூரியில் முதல் வருடம் ஒர்க்‌ஷாப்பில் ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து அரத்தால் ராவிச் சதுரமாக்கச் சொல்வார்கள். ராவிய பக்கத்தில் மட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், இடுக்கு வழியாக ஒரு கோடு வெளிச்சம் தெரியும். "வெளிச்சம் தெரியுதா? போ, இன்னும் ராவு" என்பார் இன்ஸ்ட்ரக்டர். அவர் ஐ.டி.ஐ. படித்தவர், பேராசிரியர்கள் யாரையும்விட அவரிடம்தான் நான் அதிகம் கற்றேன். கை கொப்பளித்தாலும் விட மாட்டார். சரியாக இருக்கிறது என்று நாம் நினைப்பது வேறு, சரியாக இருப்பது வேறு என்பதை வாயால் சொல்லாமல் வெளிச்சத்தால் காட்டியவர். தெர்மோடைனமிக்ஸ் சூத்திரங்கள் பாதி மறந்துபோயின. அந்த ஒரு கோடு வெளிச்சம் மறக்கவில்லை. தோட்டத்தில் டம்ளரைக் குழிக்குள் வைத்தபோது நான் செய்ததும் அதுதான்.

படிப்பு வேறு தொழிலில் எப்படி வேலை செய்கிறது என்பதற்குப் பெரிய பெயர்களும் உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்த ரங்கராஜன்தான் நமக்கு எழுத்தாளர் சுஜாதா. இங்கிருந்து ஒன்றரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய பெங்களூரில், பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் பங்கு கொண்டவர். வாசகர் கேள்விகளுக்கு அவர் எழுதிய அறிவியல் பதில் தொடரின் பெயரே 'ஏன்? எதற்கு? எப்படி?' அந்த மூன்று சொல்லும் பொறியாளர் ஒருவர் காலையில் வேலைக்குப் போனதும் கேட்கிற கேள்விகள். டெஸ்ட் கிரிக்கெட்டில் 619 விக்கெட் எடுத்த அனில் கும்ப்ளே பெங்களூரில் மெக்கானிக்கல் படித்தவர். அஸ்வின் எஸ்.எஸ்.என். கல்லூரியில் ஐ.டி. படித்தவர். ஒரு பந்தை ஏன் அந்தக் கோணத்தில் விட்டேன் என்று அவர் பிரித்துப் பிரித்து விளக்குவதைக் கேட்டால், அது விளையாட்டுப் பேச்சு மாதிரியே இருக்காது. அவர்கள் திறமைக்குப் படிப்பு காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு விஷயத்தைக் கழற்றிப் பார்க்கிற பழக்கம் எந்தத் தொழிலுக்குப் போனாலும் கூடவே வரும் என்பதுதான் என் அனுபவம்.

என் வகுப்பிலேயே ஒருவன் டி.என்.பி.எஸ்.சி. எழுதி அரசு அலுவலகத்தில் இருக்கிறான். ஒருத்தி கணக்கு டீச்சர். இன்னொருவன் கிருஷ்ணகிரியில் ஹோட்டல் வைத்திருக்கிறான். மதியம் எத்தனை மணிக்கு எந்த மேசை காலியாகிறது என்று நோட்டுப் போட்டு வைத்திருக்கிறான். அவன் நோட்டைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, பெருமையாக இருந்தது.

கம்பெனியில் 'வொய்-வொய்' என்று ஒன்று உண்டு. டொயோட்டாவில் தைச்சி ஓனோ வளர்த்த முறை. ஒரு தவறுக்குக் காரணம் கேட்டு, அந்தக் காரணத்துக்குக் காரணம் கேட்டு, ஐந்து தடவை உள்ளே போவது. ஷாப் ஃப்ளோரில் அதை ரிப்போர்ட் நிரப்புகிற சடங்காகத்தான் பார்த்தோம். தோட்டத்துக்கு வந்த பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. ஒரு வருடம் சொட்டுவான்கள் அடிக்கடி அடைத்துக்கொண்டன. ஏன்? வெள்ளையாகப் படிகிறது. ஏன்? போர் தண்ணீரில் சுண்ணாம்பு. ஏன்? அவ்வளவு ஆழத்திலிருந்து எடுக்கிறோம். எங்கள் பக்கம் ஆயிரம் அடி தாண்டிய போர்கள் சாதாரணம். ஏன் அவ்வளவு ஆழம்? மேலே பெய்கிற மழையை நாம் பிடிப்பதில்லை. முதல் ஏனிலேயே நின்றிருந்தால் ஆசிட் விட்டுக் கழுவிக்கொண்டே காலத்தை ஓட்டியிருப்பேன்.

பிற்பாடு குடைமிளகாய்க்காக 1000 சதுர மீட்டரில் பசுமைக்குடில் போட்டபோது அந்தக் கடைசி ஏனுக்குப் பதில் செய்தேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 1000 சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டருக்கு 1000 லிட்டர். எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வருடத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. ஆக, கூரை மேல் மட்டும் எட்டு லட்சம் லிட்டர். சிந்தியது, வழிந்தது என்று இரண்டு லட்சம் கழித்தாலும் ஆறு லட்சம். என் செடிகளுக்கு நாளொன்றுக்கு 3000 லிட்டர் போதும் என்றால், 200 நாள் தண்ணீர் கூரை மேலேயே விழுகிறது. கூரையோரத்தில் தகர வடிகால் வைத்துப் பண்ணைக்குட்டைக்குக் குழாய் இழுத்தேன். குட்டை ஒரே தடவையில் அவ்வளவையும் பிடிக்காது; பெய்யப் பெய்ய நிறையும், எடுக்க எடுக்கக் குறையும். ஆனால் மழைத் தண்ணீரில் சுண்ணாம்பு இல்லை. அடைப்பு பெரும்பாலும் நின்றது. பசுமைக்குடில் போடுகிற யாரும் இந்தக் கணக்கைப் போடாமல் அடுத்த போருக்குப் பணம் கட்டாதீர்கள் என்று கையைப் பிடித்துச் சொல்வேன்.

இனி, படிப்பு மறைத்தது.

குடைமிளகாய் அறுப்புக்கு ஆறு அம்மாக்கள் வருவார்கள். முதல் மாதம் செல்போனில் ஸ்டாப் வாட்ச் வைத்து யார் ஒரு கிரேட்டை எவ்வளவு நேரத்தில் நிரப்புகிறார் என்று குறித்தேன். கம்பெனியில் சைக்கிள் டைம் பார்ப்பது மாதிரி. வேகமாக அறுப்பவருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். அவர்களில் மூத்தவர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீ போனையே பாக்குற, காயைப் பாக்க மாட்டேங்கிறியே" என்று சொல்லி ஒரு கிரேட்டைக் கவிழ்த்துக் காட்டினார். வேகமாக அறுத்தவர்களின் காய்களில் காம்பு பிய்ந்திருந்தது. அவர் அறுத்ததில் காம்பு சீராக, கத்தியால் ஒரே வெட்டில். "பிஞ்ச காம்பு மூணு நாள்ல அழுகும். சென்னைக்குப் போய்ச் சேரும்போது உன் பேரும் அழுகிடும்."

நான் அளந்தது சரிதான். அளக்க வேண்டியதை அளக்கவில்லை. ஸ்டாப் வாட்சை நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு, அறுத்த காயில் ஒரு கிரேட்டை மூன்று நாள் நிழலில் வைத்து எத்தனை அழுகுகிறது என்று எண்ணுகிறோம். அறுப்புக் கூலி எல்லோருக்கும் ஒன்று. அந்த அம்மாவுக்கு மட்டும், புதிதாக வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதற்காகத் தனியாகக் கொடுக்கிறேன்.

நான்கு வருடமும் நாம் போட்ட கணக்குகள் எல்லாம் விடை உள்ள கணக்குகள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை இருக்கும். வெளியே அப்படி இல்லை. தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. அதே வருடம் செப்டம்பரில் பத்து ரூபாய்க்குக் கீழே போனது. இரண்டு மாத இடைவெளியில் வந்த இந்தச் சரிவை எந்தச் சூத்திரமும் சொல்லாது. ஜூலை விலையை நம்பி நட்டவர்கள் எங்கள் ஊரிலேயே செப்டம்பரில் அறுக்காமல் விட்டார்கள். அறுப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது.

அந்தத் தடவை நான் தப்பித்ததற்குக் காரணம் விலையைக் கணித்தது இல்லை. மெஷின் டிசைனில் பாதுகாப்புக் காரணி என்று ஒன்று சொல்லித் தருவார்கள். ஒரு டன் தாங்க வேண்டிய கொக்கியை நான்கு டன், ஐந்து டன் தாங்கும்படி செய்வார்கள். தெரியாததற்கு இடம் விடுவது. அந்தப் பாடத்தை நிலத்துக்குக் கொண்டுவந்தேன். மொத்த நிலத்திலும் ஒரே பயிரை ஒரே வாரத்தில் நடுவதில்லை. தக்காளியை மூன்று வாரம் இடைவெளிவிட்டு மூன்று தவணையாக நடுகிறேன். ஒரு பாகத்தில் எப்போதும் கொத்தமல்லியோ ராகியோ இருக்கும். பெரிய லாபம் வருகிற வருடத்தில் எனக்கு மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் வரும். அதைத் தெரிந்தே செய்கிறேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. நம் மாவட்டத்தில் இப்படிப் பெய்யும் என்று யார் நினைத்தோம்? அதன்பிறகு பசுமைக்குடிலைச் சுற்றி வெட்டியிருந்த வடிகாலை அகலப்படுத்தினேன். சராசரி மழையை மட்டும் கணக்கில் வைத்து வடிகால் வெட்டக் கூடாது.

வேறு தொழிலுக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு, சொந்தக் கை சுட்டுத் தெரிந்துகொண்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்யுங்கள். கடையில் மூன்று மருந்தைக் கலந்து கொடுப்பார்கள். செடி தேறினாலும் எதனால் தேறியது என்று தெரியாது, அடுத்த தடவையும் மூன்றையும் வாங்குவீர்கள். நான் புது உரம் எதையும் இரண்டு வரிசைக்குக் கொடுத்து, பக்கத்து இரண்டு வரிசைக்குக் கொடுக்காமல் வைத்துப் பார்க்கிறேன். ஹோட்டலிலும் கடையிலும் வகுப்பறையிலும் இதைச் செய்யலாம்.

நோட்டு எழுதுங்கள். கம்ப்யூட்டர் வேண்டாம், ஐம்பது ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். என்ன போட்டேன், எவ்வளவு செலவு, எந்த மண்டி, என்ன விலை, அன்றைக்கு மழையா வெயிலா. மூன்று வருட நோட்டு சேர்ந்த பிறகுதான் ஒரு கிலோ தக்காளி எனக்கு என்ன அடக்கம் ஆகிறது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. அதற்கு முன்னால் ஊரில் எல்லோரும் சொல்கிற எண்ணையே நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தாளில் வந்த லாபத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள். நான் வேலையை விட்டபோது வீட்டுச் செலவுக்கு ஒரு வருடப் பணம் கையில் வைத்திருந்தேன். அது ஏழாவது மாதத்தில் என்னைக் காப்பாற்றியது. அரசு மானியம் எது உண்டோ அதைக் கேட்டு வாங்குங்கள். சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீருக்கு முழு மானியமே தருகிறார்கள். பூ போடுகிறவர்கள் தளியில் இந்தோ-இஸ்ரேல் திட்டத்தில் அமைந்த கொய்மலர் மையத்தை ஒருதடவை போய்ப் பார்த்துவிட்டு முதலீடு செய்யுங்கள். பார்க்காமல் போட்ட குடில்கள் எங்கள் பக்கம் வெறும் எலும்புக்கூடாக நிற்கின்றன.

எல்லாவற்றுக்கும் முன்னால், அந்தத் தொழிலில் முப்பது வருடம் கை வைத்தவர் ஒருவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். அவருக்கு அழுத்தம், உராய்வு என்ற சொற்கள் தெரியாமல் இருக்கலாம். எந்த மூலைக்குத் தண்ணீர் ஏறாது என்று அவருக்குத் தெரியும்.

பெற்றோர்களுக்கும் ஒன்று. உங்கள் மகனோ மகளோ பொறியியல் முடித்துவிட்டு வேறு வேலைக்குப் போகிறேன் என்றால், படித்தது வீண் என்ற சொல்லை மட்டும் சொல்லாதீர்கள். அதற்குப் பதில் வரவு செலவு நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, கூடவே உட்கார்ந்து பாருங்கள். கேள்வி கேளுங்கள். என் அம்மா இப்போது மாதக் கடைசியில் நோட்டைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, நான் கூட்டியதை மறுபடி கூட்டிப் பார்க்கிறார். போன மாதம் இரண்டு இடத்தில் தப்பு பிடித்தார்.